அந்த 12 நிமிடம்: தமிழ் நிகழ்ச்சி ஏற்பாட்டாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

சிங்கப்பூர்த் தமிழ் அமைப்புகளின் பொறுப்பாளர்களுக்கும், சமூக மன்றங்களின் இந்தியர் நற்பணிச் செயற்குழு உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

உங்களில் பலருக்கு என் முகம் தெரியும், பெயர் தெரியாமல் இருக்கலாம். ஈசூனில் குடியிருக்கிறேன். 14 ஆண்டுகளாக உங்கள் நிகழ்ச்சிகளுக்குத் தொண்டூழியராக வந்துகொண்டிருக்கிறேன். நாற்காலி போடுவது, சாப்பாட்டுப் பொட்டலங்களை எண்ணிக் கொடுப்பது, எல்லோரும் போன பிறகு மண்டபத்தைக் கூட்டிச் சாவியை ஒப்படைப்பது, இவைதான் என் வேலைகள். நிகழ்ச்சிக்கு 3 மணி நேரம் முன்னாலும், முடிந்து 1 மணி நேரத்துக்குப் பின்னாலும் அந்த இடத்தில் இருப்பவன் நான். அங்கே நின்று பார்த்ததை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

சென்ற ஆண்டு ஒரு விழா. எந்த அமைப்பு, எந்த மண்டபம் என்று சொல்லப் போவதில்லை. சென்னையிலிருந்து ஒரு திரைப்பட நடிகர் சிறப்பு விருந்தினராக வருவதாக ஏற்பாடு. மாலை 6 மணிக்குத் தொடக்கம். என் மகள் அப்போது தொடக்கநிலை 6. அவளும் இன்னும் 13 பிள்ளைகளும் ஒரு நடனத்துக்காக 4 மாதம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பயிற்சி செய்தார்கள். தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இ எழுதும் ஆண்டு. துணைப்பாட வகுப்புகளை எல்லாம் வேறு நாளுக்கு மாற்றிவிட்டுத்தான் வந்தார்கள். நடனத்தின் நீளம் 12 நிமிடம்.

நடிகரின் விமானம் தாமதம். அது யார் கையிலும் இல்லை. ஆனால் அவர் வரும்வரை நிகழ்ச்சியை இழுத்தார்கள். பேச்சு, அதன்பின் இன்னொரு பேச்சு, நடுவில் இரண்டு அதிர்ஷ்டக் குலுக்கல். பிள்ளைகள் மாலை 4.30க்கே ஒப்பனை போட்டுக்கொண்டு நடைபாதையில் உட்கார்ந்திருந்தார்கள். சலங்கை கட்டிய காலோடு கழிவறைக்குக்கூடப் போக முடியவில்லை. 8.10க்கு அவர்களைக் கூப்பிட்டார்கள். “விருந்தினர் பக்கத்தில் வந்துவிட்டார், டீச்சர். 5 நிமிடத்தில் முடித்துக்கொள்ளுங்கள்” என்று நடன ஆசிரியையிடம் சொல்லப்பட்டது. அவர் எதுவும் பேசாமல் தலையாட்டினார்.

மூன்றாவது நிமிடத்தில் மண்டபத்தின் பின்கதவு திறந்தது.

மொத்தக் கூட்டமும் எழுந்து திரும்பிக்கொண்டது. நான் மேடைக்குப் பக்கவாட்டில் திரைச்சீலை ஓரம் நின்றிருந்தேன். என் மகள் பார்த்ததை நானும் பார்த்தேன். 600 பேரின் முதுகும், உயர்த்திப் பிடித்த கைப்பேசிகளும். பிள்ளைகள் ஆட்டத்தை நிறுத்தவில்லை. நிறுத்தச் சொல்லவும் யாரும் இல்லை, ஆடச் சொல்லவும் யாரும் இல்லை.

மறுவாரம் விழாவின் ஒளிப்பதிவைக் கேட்டு வாங்கினேன். ஒளிப்பதிவாளரும் திரும்பிவிட்டிருந்தார். நடிகர் கைகுலுக்கிக்கொண்டு நடந்து வருகிறார். பின்னால் எங்கள் பிள்ளைகள் ஆடிய பாட்டு மட்டும் கேட்கிறது. 4 மாத உழைப்பில் எங்கள் வீட்டில் மிஞ்சியிருப்பது அந்த ஒலிதான்.

அந்த நடிகர் மீது எனக்குத் துளியும் வருத்தம் இல்லை. மேடையேறியதும் தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டார். பிள்ளைகளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டார். நல்ல மனிதர். 40 நிமிடம் இருந்துவிட்டுக் கிளம்பினார், அவரோடு பாதி மண்டபமும் கிளம்பியது.

அதற்குப் பிறகுதான் அன்றைய விழாவில் மிக முக்கியமான நிகழ்வு வைக்கப்பட்டிருந்தது. 30 ஆண்டுகளுக்குமேல் தமிழ் கற்பித்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவருக்கு மரியாதை. கைத்தடி ஊன்றி மேடைக்கு வந்தார். பொன்னாடை போர்த்தினார்கள். ஏற்புரையாக ஒரு பக்கம் எழுதி வந்திருந்தார். காலி நாற்காலிகளைப் பார்த்துவிட்டு அந்தத் தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, “எல்லோருக்கும் நன்றி” என்று மட்டும் சொல்லி இறங்கினார். அந்த நேரத்தில் நான் பின்வரிசை நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். 10.30க்குள் மண்டபத்தை ஒப்படைக்க வேண்டும் என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். அந்தச் சத்தம் அவர் காதில் விழுந்திருக்கும். அதை நினைத்தால் இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

சினிமா பிடிக்காதவன் எழுதுகிறான் என்று நினைக்க வேண்டாம். நான் சினிமாவோடு வளர்ந்தவன். ரஜினியும் கமலும் சேர்ந்து நடித்து 1979இல் வெளியான ஒரு படத்தைப் பெரும்பாலும் இங்கேதான் எடுத்தார்கள். படப்பிடிப்பை வேடிக்கை பார்க்க வேலைக்கு மட்டம் போட்ட கதையை என் அப்பா ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார். நான் தேசிய சேவையில் இருந்தபோது விடுப்பு கிடைத்தால் முதலில் போவது தியேட்டருக்குத்தான். இப்போதும் பெரிய படம் வந்தால் முதல் நாள் குடும்பத்தோடு போகிறோம். ஒரு பாட்டு மனத்தை எப்படித் தூக்கி நிறுத்தும் என்பது இரவு வேலை முடிந்து முதல் ரயிலுக்குக் காத்திருந்த எனக்கு நன்றாகவே தெரியும்.

நட்சத்திர மோகம் தமிழர்களுக்கு மட்டும் உரியதும் இல்லை. 2024 ஜனவரியில் கோல்ட்பிளே 6 இரவு, மார்ச்சில் டெய்லர் சுவிஃப்ட் 6 இரவு தேசிய விளையாட்டரங்கில் பாடினார்கள். பக்கத்து நாடுகளிலிருந்தெல்லாம் ரசிகர்கள் வந்து குவிந்தார்கள். அவரவர் காசு, அவரவர் ஆசை. சென்னையிலிருந்து வரும் இசைநிகழ்ச்சிகளுக்கும் அப்படித்தான் டிக்கெட் வாங்கிப் போகிறோம். அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை.

நான் பேசுவது வேறு விஷயம். தமிழ்மொழி விழா, பொங்கல், தீபாவளி, மாணவர் விழா, ஆசிரியர்களைக் கௌரவிக்கும் விழா என்று சமூகத்தின் பெயரால் நாம் நடத்துகிற நிகழ்ச்சிகளில், நட்சத்திரம் வருகிறார் என்றதும் மற்ற எல்லாருடைய நேரமும் அவருக்குக் கீழே போய்விடுகிறது. அதை மாற்றுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

“நட்சத்திரம் இல்லாவிட்டால் கூட்டம் வராது” என்று நீங்கள் சொல்வது எனக்குத் தெரியும். கூட்டங்களில் தேநீர் கொடுக்கும்போது காதில் விழுந்த பேச்சுதான். மண்டப வாடகை ஏறிவிட்டது. ஆதரவு தரும் கடைக்காரர்கள், “யார் வருகிறார்?” என்றுதான் முதலில் கேட்கிறார்கள். நடிகரோடு ஒரு படம் கிடைத்தால்தான் காசோலை கைக்கு வருகிறது. பகல் முழுக்க அலுவலகத்தில் உழைத்துவிட்டு, இரவில் வீட்டுக்கும் போகாமல் இதற்காக அலைகிற உங்கள் கஷ்டம் எனக்குப் புரிகிறது. செயலாளராக இருந்த ஓர் அக்கா தன் சொந்தப் பணத்தில் 800 வெள்ளி (டாலர்) போட்டு ஒலிபெருக்கிக்காரரின் பாக்கியைக் கட்டியதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

ஆனால் நாற்காலி போடுகிறவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்லலாம் அல்லவா? நட்சத்திரத்துக்காக 600 நாற்காலி போட்ட நிகழ்ச்சிக்கு அடுத்த மாதம் அதே அமைப்பு நடத்திய சிறுகதைப் பயிலரங்குக்கு 40 நாற்காலி போட்டேன். 22தான் நிரம்பியது. அந்த 22 பேரில் முந்தைய மாதக் கூட்டத்தில் பார்த்த புதுமுகம் ஒன்றுகூட இல்லை. வழக்கமாக வருகிற அதே ஆட்கள். நடிகருக்காக வந்தவர்கள் நடிகரோடு போய்விட்டார்கள். ஒரு தடவை இல்லை, ஒவ்வொரு தடவையும் இதைப் பார்க்கிறேன். விமான டிக்கெட், தங்கும் விடுதி, உடன் வருகிறவர்கள், அவர்களுக்குக் கார் என்று போகிற பணத்துக்கு நமக்கு மிஞ்சுவது ஒரு நாள் இரவும் கொஞ்சம் படங்களும்.

அதே விழாக்களில் மிருதங்கம் வாசிக்க என் அக்கா மகனைக் கூப்பிடுவார்கள். சன்மானம் என்று வாயெடுத்தால், “வாய்ப்புக் கொடுக்கிறோமே, தம்பி” என்று பதில் வரும். 9 வயதில் கற்கத் தொடங்கியவன் அவன். இப்போது கணக்காய்வாளராக வேலை பார்க்கிறான், மேடைக்கு வருவதை நிறுத்திவிட்டான். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

இதை வெறும் கலைஞர்களின் மனக்குறை என்று ஒதுக்கிவிடாதீர்கள். 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்று சொன்ன குடியிருப்பாளர்கள் 3.3 விழுக்காடு. 2020இல் அது 2.5 விழுக்காடு. என் வீட்டிலேயே அந்த இறக்கத்தைப் பார்க்கிறேன். மகள் எங்களிடம் தமிழில் பேசுவாள், தம்பியிடம் ஆங்கிலத்தில் பேசுவாள். ஒருநாள் அவளிடம், “தமிழ் பேசுகிற பெரிய ஆள் யாரைத் தெரியும்?” என்று கேட்டேன். 5 பெயர் சொன்னாள். ஐவரும் நடிகர்கள், ஐவரும் சென்னையில் இருப்பவர்கள். இந்த ஊரிலிருந்து ஒரு பெயரும் வரவில்லை. அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நாங்கள் யாரைக் கொண்டுபோய் நிறுத்தி, “பார் அம்மா, இவர்தான்” என்று காட்டியிருக்கிறோம்?

காட்டுவதற்கு ஆள் இல்லாமலா? கே. ஜெயமணி 1977இல் தென்கிழக்காசிய விளையாட்டுகளில் 1,500 மீட்டரிலும் 3,000 மீட்டரிலும் தங்கம் வென்றவர். 1983இல் அதே போட்டிகள் சிங்கப்பூரில் நடந்தபோது மாரத்தானிலும் தங்கம் வென்றார். நம் ஊர்ச் சாலையில், நம் ஊர் வெயிலில் 42 கிலோமீட்டர். எங்கள் வட்டாரப் பிள்ளைகள் யாருக்கும் இது தெரியவில்லை.

நா. கோவிந்தசாமி ஓர் ஆசிரியர், எழுத்தாளர். தேசியக் கல்விக் கழகத்தில் பணியாற்றியவர். கணினியில் தமிழைக் கொண்டுவர ஆண்டுக்கணக்கில் போராடினார். 1995இல் இணையத்தில் தமிழ்க் கவிதைகள் சிங்கப்பூரிலிருந்து ஏறின. அதிபர் ஓங் டெங் சியோங் அதைத் தொடங்கிவைத்தார். 1997இல் முதல் தமிழ் இணைய மாநாடும் இங்கேதான் நடந்தது. அதற்குப் பின்னால் நின்றவரும் கோவிந்தசாமிதான். 1999இல் காலமாகிவிட்டார். நடிகருக்குப் பிறந்தநாள் வாழ்த்தைத் தமிழில் தட்டச்சு செய்து அனுப்புகிற பிள்ளைக்கு, அந்த எழுத்து கைப்பேசிக்குள் வந்த கதையில் ஈசூனிலிருந்து ரயிலில் போகிற தூரத்தில் வாழ்ந்த ஒருவரின் உழைப்பும் இருக்கிறது என்று யாராவது சொல்லியிருக்கிறோமா?

பி. கிருஷ்ணன் ஐயாவின் ‘அடுக்குவீட்டு அண்ணாசாமி’ பற்றி என் அம்மா இன்னும் பேசுவார். 1960களின் இறுதியில் வானொலியில் வந்த தொடர் நாடகம். அடுக்குமாடியில் குடியிருந்தவர்களின் அன்றாடக் கூத்துகள்தான் கதை. அது தொடங்கும் நேரத்துக்குள் அம்மா வீட்டு வேலையை முடித்துவிடுவாராம். தன்னைப் போன்றவர்களின் வாழ்க்கையை வானொலியில் கேட்டபோது, “நம்மளையும் ஒருத்தர் கவனிச்சிருக்காரே” என்று தோன்றியதாம். கிருஷ்ணன் ஐயாவுக்கு 2008இல் கலாசாரப் பதக்கம் கிடைத்தது. மா. இளங்கண்ணனுக்கு 2005இல், கவிஞர் க.து.மு. இக்பாலுக்கு 2014இல். நாட்டின் ஆக உயரிய கலை விருது அது. அவர்களின் புத்தகங்கள் நூலகத்தில் இருக்கின்றன. நம் விழாப் பதாகைகளில் அவர்களின் முகங்களை எத்தனை தடவை பார்த்திருக்கிறோம்?

புகழ்பெற்றவர்களோடு நிறுத்திக்கொள்ளவும் எனக்கு மனமில்லை. சென்ற தீபாவளி சமயம் எங்கள் அடுக்குமாடிப் புளோக்கின் கீழ்த்தளத்தில் சில குடும்பங்கள் சேர்ந்து ஒரு சின்ன ஒன்றுகூடல் வைத்தோம். முறுக்கு, சுண்டல், ஒரு கடன் வாங்கிய ஒலிவாங்கி. ஐந்தாம் மாடியில் இருக்கிற ஓர் அக்காவைப் பேசச் சொன்னோம். ஓய்வுபெற்ற தாதி. 2003இல் சார்ஸ் பரவியபோது மருத்துவமனையில் வேலை பார்த்தவர். அந்தக் கிருமி இந்த நாட்டில் 238 பேரைத் தொற்றி 33 பேரின் உயிரைக் கொண்டுபோனது. அந்த நாள்களில் வீட்டுக்கு வந்ததும் தனி அறையில் படுத்துக்கொண்டதையும், பிள்ளைகள் கதவுக்கு வெளியே நின்று “அம்மா, சாப்பிட்டியா?” என்று கேட்டதையும், பேருந்தில் சீருடையைப் பார்த்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் எழுந்துபோனதையும் சாதாரணக் குரலில் சொன்னார். 15 நிமிடம் பேசச் சொல்லியிருந்தோம். பிள்ளைகள் விடவில்லை. “பயமா இருந்துச்சா பாட்டி?” “உங்க கூட வேலை பார்த்தவங்களுக்கு என்ன ஆச்சு?” என்று மாற்றி மாற்றிக் கேட்டார்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் போனது. கேள்விகள் முழுக்கத் தமிழில்தான் வந்தன. தமிழில் கேளுங்கள் என்று யாரும் சொல்லவே இல்லை.

அந்த அக்கா 22 ஆண்டுகளாக எங்கள் புளோக்கில் இருக்கிறார். மின்தூக்கியில் பார்த்தால் சிரிப்போம், அவ்வளவுதான். ஒரு நடிகர் எந்தக் கடையில் தோசை சாப்பிடுகிறார், யாரோடு பேசுவதில்லை, அவர் மகன் எந்தப் பள்ளியில் படிக்கிறான் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். வாட்ஸ்அப்பில் தினமும் வருகிறது. என் தலைக்கு மேல் மூன்று மாடி தள்ளிக் குடியிருந்தவர் என்ன செய்தவர் என்று தெரியவில்லை. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

நம் முன்னோர் இதை நம்மைவிட நன்றாக அறிந்திருந்தார்கள் என்று தோன்றுகிறது. 1935இல் தமிழ் முரசு பத்திரிகையைத் தொடங்கிய கோ. சாரங்கபாணி, 1952இல் தமிழர் திருநாளைத் தொடங்கினார். சாதி, சமயம், ஊர் என்று பிரிந்து கிடந்த தமிழர்களை ஒன்றாக உட்காரவைக்கத்தான் அந்த விழா. பிள்ளைகளின் போட்டிகள், பேச்சு, நாடகம் என்று உள்ளூர் ஆட்கள்தான் அதன் உயிர். பின்னால் பெயர்பெற்ற எழுத்தாளர்கள் பலர், முரசில் வந்த மாணவர் மணிமன்றம் என்ற மாணவர் பகுதியில் எழுதிப் பழகியவர்கள். மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்காக ‘தமிழ் எங்கள் உயிர்’ என்று அவர் நிதி திரட்டியபோது, நாள்கூலி வாங்கியவர்களும் கொடுத்தார்கள். அன்றும் திரை நட்சத்திரங்கள் இருந்தார்கள், அன்றைய மக்களும் அவர்கள் மேல் உயிரையே வைத்திருந்தார்கள். அப்படியிருந்தும் சமூகத்தின் மேடையில் சமூகம் நின்றது.

இன்றும் முடியாத காரியம் இல்லை. நல்லாசிரியர் விருது விழாவுக்கு வருகிறவர்கள் ஆசிரியர்களுக்காகத்தான் வருகிறார்கள். வசந்தம் தொலைக்காட்சி ஒளிவழி நடத்தும் ‘பிரதான விழா’ என்ற விருது விழாவில் உள்ளூர்க் கலைஞர்கள் பெயர் படிக்கப்படும்போது பிள்ளைகள் கைதட்டுகிறார்கள். ஆக, நம் ஆட்களுக்குக் கைதட்ட மக்களுக்கு மனமில்லை என்பது உண்மை இல்லை.

சரி, என்ன கேட்கிறேன்? நட்சத்திரங்களைக் கூப்பிடவே வேண்டாம் என்று கேட்கவில்லை. கூப்பிடுங்கள். ஆனால் நிகழ்ச்சி குறித்த நேரத்தில் தொடங்கட்டும். அவர் தாமதமாக வந்தால், நடந்துகொண்டிருக்கும் அங்கம் முடியும்வரை வெளியே ஓர் அறையில் அமரவைத்துத் தேநீர் கொடுங்கள். எந்த நல்ல கலைஞரும் அதற்குக் கோபிக்க மாட்டார், இன்னொரு கலைஞரின் மேடை என்றால் என்னவென்று அவருக்குத் தெரியும். பிள்ளைகளுக்கு 12 நிமிடம் என்று ஒப்புக்கொண்டால் 12 நிமிடம் கொடுங்கள். குறைக்க வேண்டுமென்றால் நம் பேச்சுகளைக் குறைப்போம். பொன்னாடை வாங்க வரும் ஆசிரியையை மண்டபம் நிறைந்திருக்கும்போது மேடையேற்றுங்கள், அந்த நடிகரின் கையாலேயே போர்த்தச் சொல்லுங்கள். அதைவிட அழகான படம் அவருக்கும் கிடைக்காது. உள்ளூர்க் கலைஞர்களுக்கு, தொகை சின்னதாக இருந்தாலும், பேசிய பணத்தை உறையில் போட்டு அன்றே கொடுங்கள்.

அப்புறம், ஆண்டுக்கு ஒரு நிகழ்ச்சிக்காவது சிறப்பு விருந்தினர் இந்த ஊர்க்காரராக இருக்கட்டும். தேக்கா சந்தையில் 40 ஆண்டு காய்கறி விற்றவர், பேருந்து ஓட்டும் அக்கா, ஒரு தாதி, ஓர் ஓட்டப்பந்தய வீராங்கனை. என்னோடு நாற்காலி போட வருகிற சிவகங்கைத் தம்பி ஒருவர் இருக்கிறார். பகலில் கட்டுமானத் தளத்தில் வேலை. அவர் தெம்மாங்கு பாடினால் சமையலறையில் பாத்திரம் கழுவுகிறவர்கள் குழாயை மூடிவிட்டுக் கேட்பார்கள். 6 ஆண்டுகளில் ஒருதடவைகூட அவரை நாம் மேடைக்குக் கூப்பிடவில்லை.

கூட்டம் குறையுமே என்ற பயத்துக்கும் பதில் சொல்ல வேண்டும். முதல் ஆண்டு குறையும். 600க்குப் பதில் 150 பேர் வரலாம். அப்படியானால் 150 பேருக்கு ஏற்ற இடத்தில் நடத்துவோம். நாற்காலி நான் போடுகிறேன். ஈசூன், செம்பவாங், உட்லண்ட்ஸ் பக்கம் வீடு வீடாகப் போய்ச் சொல்லவும் தயார். ஐந்தாம் மாடித் தாதி அக்கா மறுபடியும் பேச ஒப்புக்கொண்டிருக்கிறார். அவரோடு வேலை பார்த்த இன்னும் இருவரையும் அழைத்து வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

என் மகள் இப்போது உயர்நிலை 1. அந்த 14 பிள்ளைகளில் 9 பேர் இன்னும் ஆடுகிறார்கள். அதே நடனத்தை என் மகள் மறக்கவில்லை, போன ஞாயிற்றுக்கிழமை வீட்டுக் கூடத்தில் சோபாவை நகர்த்திவிட்டு முழுவதும் ஆடிக் காட்டினாள். அடுத்த விழாவுக்கு நீங்கள் பட்டியல் போடும்போது அவர்கள் பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 12 நிமிடம் வேண்டும்.

அன்புடன்,
ஈசூனிலிருந்து ஒரு தொண்டூழியர்